சீன டீபாட் வாங்கப் போறீங்களா? மண்ணு, கைவேலை, பேரு, ரேட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆன்லைன்ல ஒரு யிஷிங் டீபாட் பாத்தேன். "ஹுவாங்லோங்ஷான் மலையோட ஒரிஜினல் மண், நாலாம் நம்பர் சுரங்கம், முப்பது வருஷம் பக்குவப்படுத்தினது"ன்னு எழுதியிருக்கு, ரேட் 180 யுவான் தான். நம்பி வாங்கலாமா?

அந்த மூணுல ஒண்ணக்கூட வாங்குற நம்மளால சரிபாக்க முடியாது. அதனால அந்த வரிகளுக்குன்னு ஒரு யுவான் கூட சேத்துக் குடுக்காதீங்க. டீபாட்டப் பாருங்க, டீபாட்டுக்கு மட்டும் காசு குடுங்க.

கொஞ்சம் விவரமா சொல்றேன். சீனாவுல ஜியாங்சு மாகாணத்துல தாய் ஏரிக்குப் பக்கத்துல இருக்குற ஊரு யிஷிங், அதுலயும் டிங்ஷுன்னு ஒரு டவுன்லதான் இந்த வேலையெல்லாம் நடக்குது. அங்க இருக்குற ஹுவாங்லோங்ஷான் மலையிலதான் பேர்போன மண்ணு கிடைச்சுது. மண்ணுன்னு சொன்னாலும் தோண்டும்போது அது பாறைக்கட்டி மாதிரிதான் வரும், அத வெயில்லயும் மழையிலயும் போட்டு உதிர விட்டு, இடிச்சு, சலிச்சு, தண்ணி சேத்து மாசக்கணக்குல வருஷக்கணக்குல வச்சிருந்துதான் வேலைக்கு எடுப்பாங்க. 2000-கள் நடுவுலயே அந்த மலையில தோண்டுறத நிறுத்திட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி தோண்டி சேத்து வச்சவங்ககிட்ட இன்னும் ஸ்டாக் இருக்கு, அதனால பழைய மண்ணே இப்ப கிடையாதுன்னு சொல்றதும் தப்பு, விக்கிற எல்லாமே அந்த மலை மண்ணுன்னு சொல்றதும் தப்பு. யிஷிங் சுத்துவட்டாரத்துல வேற இடத்து மண்ணும் இருக்கு, கலவை மண்ணும் இருக்கு, அதுலயும் டீ நல்லாவே வரும்.

இன்னொரு கணக்கு போட்டுப் பாருங்க. 150 மில்லி பாட் ஒண்ணோட எடையே பெரும்பாலும் 200 கிராமுக்குள்ளதான். கிலோ நல்ல ரேட்டுக்கு வாங்கின மண்ணா இருந்தாலும் ஒரு பாட்டுக்குள்ள போறது ஒரு கைப்பிடிதான். மீதி ரேட்டு முழுக்க கைவேலைக்கும் பேருக்கும் போறது. அப்படியிருக்க விளம்பரம் பூரா மண்ணப் பத்தியே இருந்தா, கைவேலையப் பத்தி ஏன் பேச மாட்டேங்குறாங்கன்னு நீங்க திருப்பிக் கேக்கணும்.

180 யுவானுக்கு ஒழுங்கான பாட் கிடைக்கவே கிடைக்காதான்னா, பேரு இல்லாத, அச்சு வச்சு செஞ்ச சாதாரண பாட் அந்த ரேட்டுல கிடைக்கலாம். முப்பது வருஷ மண்ணுன்னு சொல்லி அந்த ரேட்டுக்கு ஒருத்தர் குடுத்தா அந்தப் பேச்ச நம்ப வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி: மண்ணு நல்லதான்னு வீட்டுலயே டெஸ்ட் பண்ண முடியுமா? தண்ணி சொட்டு விட்டா உடனே உறிஞ்சணும், மூடிய தட்டினா கணீர்னு கேக்கணும்னு வீடியோல சொல்றாங்களே.

அந்த ரெண்டுமே அரைகுறை டெஸ்ட். சத்தம் மண்ணோட வகையையும் எவ்வளவு சூட்டுல சுட்டாங்கங்கறதையும் பொறுத்தது. நல்ல சூட்டுல சுட்ட சிவப்பு ஜூனி மண்ணு கணீர்னு கேக்கும், ஊதா ஸினி மண்ணு அதவிட அடங்கின சத்தம் குடுக்கும், வெளிர் மஞ்சள் துவான்னி இன்னும் மந்தமா கேக்கும், இதுல எதையும் வச்சு ஒண்ணு ஒசத்தி இன்னொண்ணு மட்டம்னு சொல்ல முடியாது. போதாக்குறைக்கு தட்டித் தட்டி மூடி விளிம்பு உடைஞ்சவங்க நிறைய பேர். தண்ணி உறிஞ்சுறதும் அப்படித்தான், சூடு கம்மியா சுட்ட மட்டமான பாட் தான் இன்னும் வேகமா உறிஞ்சும்.

நான் நம்புறது வெந்நீரத்தான். நல்லா கொதிச்ச தண்ணிய பாட்ல ஊத்தி மூடி வச்சு, மேல கொஞ்சம் ஊத்தி, ஒரு நிமிஷம் கழிச்சு மூடியத் திறந்து மூக்குக்கிட்ட வைங்க. மண்வாசன வந்தா சரி, லேசா தூசி வாசன வந்தாலும் பரவால்ல, புது பாட்ல அது இருக்கும். பெயின்ட் வாசன, பாலிஷ் வாசன, மெழுகு வாசன வந்தா அந்த பாட் வேண்டாம். வெளிய ஊத்துன தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுனா மெழுகோ எண்ணெயோ தடவியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம், ஏன்னா மண்ணு மேல தண்ணி படிஞ்சு பரவி அப்புறம் மெதுவா ஒரே மாதிரி காயணும்.

அடுத்து போன் டார்ச்ச அடிச்சு கிட்ட வச்சுப் பாருங்க. யிஷிங் மண்ணுல பொடிப்பொடியா மணல் தெரியும், ஒரே கலர்ல இருக்காது, ஒண்ணு கொஞ்சம் மஞ்சளா, ஒண்ணு கருப்பா, நடுநடுவுல காக்காப்பொன் துணுக்கு மினுக்கும். ரொம்ப நைஸா சலிச்ச மண்ணுல இது கம்மியாத்தான் தெரியும், அதையும் மனசுல வச்சுக்கோங்க. புது பாட் மேல இருக்குற பளபளப்பு அடங்கின பளபளப்பா இருக்கணும். ஈரம் காயாத மாதிரி மினுமினுன்னு இருந்தா, கலர் கண்ணக் குத்துற மாதிரி பச்சையோ நீலமோ ரத்தச் சிவப்போ ஒரே சீரா இருந்தா, கலருக்காக ஆக்ஸைடு கலந்த மண்ணா இருக்க வாய்ப்பு அதிகம். 2010-ல சீனாவோட அரசு டிவியே இத வெளிய கொண்டுவந்துச்சு, சாதா மண்ணுல இரும்பு, மாங்கனீஸ் மாதிரி கலர் சாமான் கலந்து யிஷிங்னு விக்கிறத. அதுக்காக கருப்பா இருக்குறதெல்லாம் கலப்படம்னு எடுத்துக்காதீங்க, காத்து போகாம மூடிப் போட்டு சுட்டு கருப்பாக்குற பழைய முறையும் ஒண்ணு இருக்கு.

துவான்னி வாங்குறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்த. சூடு பத்தாம சுட்ட துவான்னி கொஞ்ச மாசத்துலயே உள்ளயிருந்து கருப்பு கருப்பா திட்டு விட ஆரம்பிக்கும், தேய்ச்சாலும் போகாது. வாங்கும்போதே இது எவ்வளவு சூட்டுல சுட்டதுன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியாதவர்கிட்ட துவான்னி வாங்காதீங்க.

கேள்வி: முழு கைவேலைக்கும் பாதி கைவேலைக்கும் ரேட்டு பல மடங்கு வித்தியாசம் சொல்றாங்க. பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. எப்படி கண்டுபிடிக்கிறது?

முறைய தெரிஞ்சுக்கிட்டா கண்ணு தானா பழகும். யிஷிங்ல சக்கரத்துல வனையுறது வழக்கம் இல்ல. மண்ண மரச்சுத்தியலால தட்டித் தட்டி தகடாக்கி, அத குழாய் மாதிரி சுத்தி ஒட்டி, வெளிய மரப்பலகையால தட்டிக்கிட்டே உள்ள விரல குடுத்து உருட்டி உருண்டை வடிவத்துக்குக் கொண்டுவருவாங்க, அப்புறம்தான் மூக்கு, கைப்பிடி, மூடி எல்லாம் தனித்தனியா செஞ்சு ஒட்டுறது, கடைசியா மாட்டுக்கொம்புல செஞ்ச மெல்லிசான தகடால இழைச்சு இழைச்சு மேல்தோல இறுக்குறது. இது முழு கைவேலை, சுமாரான பாட்டுக்கே நாள் கணக்குல ஆகும். பாதி கைவேலைன்னா உடம்ப மட்டும் பிளாஸ்டர் அச்சுக்குள்ள அழுத்தி எடுத்துட்டு மீதிய கையால முடிப்பாங்க, ஒரு நாளைக்கே பல பாட் வந்துரும். மூணாவது ஒண்ணு இருக்கு, மண்ணக் கூழாக்கி அச்சுல ஊத்துறது. அதுக்கு கூழ் ஓடணும்னு சோடியம் சிலிகேட் சேப்பாங்க, சில பத்து யுவானுக்கு விக்கிறதெல்லாம் பெரும்பாலும் இதுதான். வாங்காதீங்க.

கூழ் ஊத்துனத ஈஸியா பிடிக்கலாம். உள்ள டார்ச் அடிச்சா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், மணலே தெரியாது, மூக்கு உடம்போட சேர்ற இடத்துல ஒட்டுன தடமே இருக்காது, பாட் ஏதோ ஒரே துண்டா முளைச்ச மாதிரி இருக்கும். உள்ள வட்ட வட்டமா வளையம் தெரிஞ்சா சக்கரத்துல செஞ்சது. அத யிஷிங் கைவேலைன்னு சொல்லி வித்தா, சக்கரத்துக்கு இழுபடுற மாதிரி வேற மண்ணு கலந்திருக்காங்கன்னு அர்த்தம்.

முழு கைவேலைக்கும் பாதி கைவேலைக்கும் நடுவுலதான் கஷ்டம். கைப்பிடிக்கு உள்பக்கம் நெட்டுக்குத்தா ஒட்டுத்தடம் இருந்தா கைவேலைன்னு சொல்வாங்க, ஆனா அச்சுல போடுறவங்களும் தகட சுத்தி ஒட்டித்தான் உள்ள வைக்கிறாங்க, அதனால அதுலயும் தடம் இருக்கும். அடியில உள்பக்கம் கதிர் மாதிரி விரியுற கோடு இருக்கணும்னு ஒரு பேச்சு இருக்கு, அதையும் இப்ப வேணும்னே கீறி வைக்கிறாங்க. நான் பாக்குறது மூக்கு அடியிலயும் கைப்பிடி அடியிலயும்தான். ரெண்டு துண்டு அச்சோட கோடு அங்கதான் வரும், அத இழைச்சு மறைச்சிருந்தாலும் அந்த இடத்துல மட்டும் மணலோட அமைப்பு மாறித் தெரியும். வெளிச்சத்த பக்கவாட்டுல விட்டுப் பாருங்க.

இன்னும் ஒண்ணு மனசார சொல்றேன். நல்லா முடிச்ச பாதி கைவேலை பாட், சுமாரா செஞ்ச முழு கைவேலை பாட்ட விட ரொம்ப நல்லது. தினமும் டீ போடுறவங்களுக்கு பாதி கைவேலையே போதும். அத பாதி கைவேலைன்னு வாயத் திறந்து சொல்லி அதுக்கேத்த ரேட்டு போடுற செல்லர் கிடைச்சா விடாதீங்க.

கேள்வி: மூடி ஓட்டைய விரலால அடைச்சா தண்ணி நின்னுடணும், அப்பதான் நல்ல பாட்டா?

மூடி நல்லா பொருந்துதுன்னு மட்டும் அதுல தெரியும். சுட்டதுக்கப்புறம் பொடி போட்டு அரைச்சு அரைச்சு மூடியப் பொருத்தறதும் உண்டு, அதனால இத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அதவிட ஊத்திப் பாருங்க: தண்ணி முறுக்கு இல்லாம வளைஞ்சு விழுதா, நிறுத்துனதும் சொட்டாம நிக்குதா, கடைசி வரைக்கும் சாய்ச்சாலும் மூடி விழாம இருக்கா, கைப்பிடியில விரல் சுடாம நிக்குதா. தினமும் உங்க கைக்குத் தெரியப்போறது இதுதான்.

கேள்வி: செஞ்சவருக்கு டைட்டில் இருக்கு, சர்டிபிகேட் இருக்கு, பாட்டக் கையில வச்சு அவரே நிக்கிற போட்டோவும் தர்றாங்க. 6000 யுவான் கேக்குறாங்க. பேருக்கு இவ்வளவு குடுக்கலாமா?

டைட்டில் விஷயம் முதல்ல. உதவிக் கைவினைஞர், கைவினைஞர், மூத்த கைவினைஞர், அதுக்கு மேல ஆராய்ச்சியாளர் நிலை மூத்த கைவினைஞர்னு படிப்படியா இருக்கு, அப்புறம் ஜியாங்சு மாகாண மாஸ்டர், எல்லாத்துக்கும் மேல தேசிய மாஸ்டர். ஒவ்வொரு படி ஏறும்போதும் ரேட்டு தாவும், ஆனா கை அதே அளவுக்குத் தாவுறதில்ல. டைட்டிலுக்கே போகாம டிங்ஷுல அருமையா செய்யுறவங்க இருக்காங்க, டைட்டில் வாங்கிட்டு வேற ஆளு செஞ்ச பாட்டுக்கு தன்னோட முத்திரைய குத்துறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது வகைதான் ஆபத்து. முத்திரையும் சர்டிபிகேட்டும் போட்டோவும் நிஜமா இருக்கும், கை மட்டும் அவரோடது இல்ல.

முத்திரைய மட்டும் நம்ப முடியாதுங்கறது இன்னைக்கு வந்த சங்கதியும் இல்ல. 20-ம் நூற்றாண்டோட பெரிய மாஸ்டர்னு எல்லாரும் ஒத்துக்குற கு ஜிங்சோவ் (1915–1996), 1930-கள்ல சின்ன வயசுல ஷாங்காய்ல பழம்பொருள் வியாபாரிகளுக்காக பழைய மாஸ்டர்களோட பாட்ட நகல் எடுத்துக் குடுத்தவர்தான். அவரோட பேருலயே இப்ப கணக்கில்லாத போலிகள் சுத்துது, ஏன்னு அவர் பாட் போற ரேட்டப் பாத்தா புரியும். 1948-ல அவர் செஞ்ச ஷிபியாவ் வடிவ பாட்டுகள்ல ஒண்ணு, வூ ஹூஃபான்ங்கற ஓவியர் அதுல வரைஞ்சு எழுதினது, 2010-ல பெய்ஜிங் ஏலத்துல 1 கோடியே 23 லட்சம் யுவானுக்கு மேல போச்சு. அந்தப் பணம் வடிவம், ஓவியம், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்துச்சுங்கற வரலாறு எல்லாத்துக்கும் சேத்து. டீ ஊத்துறதுக்கு இல்ல.

உங்க 6000 யுவான் விஷயத்துக்கு வர்றேன். அந்த ஆளோட வேற பாட்டுகள நாலஞ்சு தேடிப் பாருங்க, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒருத்தர் கைப்பிடி வளைக்கிற விதம், மூக்கு உடம்போட கலக்குற வளைவு, மூடிக் குமிழோட அளவு, இதெல்லாம் கையெழுத்து மாதிரி, திரும்பத் திரும்ப வரும். உங்க பாட்ல அது இல்லைன்னா விட்டுருங்க. இருந்து, முழு கைவேலையும்தான்னு உங்களுக்கே உறுதியாகி, திருப்பி அனுப்புற வசதியும் இருந்தா, அந்த ரேட்டு அநியாயம்னு சொல்ல மாட்டேன். முதல் பாட்டா இருந்தா மட்டும் வேண்டாம். கண்ணு பழகுறதுக்கு முன்னாடி பேருக்கு காசு குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னே தெரியாது.

கேள்வி: 1970-கள்ல வந்த "ஃபேக்டரி ஒண்ணு" டீபாட்டுகள் மலிவா கிடைக்குது, அடியில "சீன யிஷிங்"னு முத்திரை. வாங்கலாமா?

அந்த ஃபேக்டரி நிஜம். 1950-கள்ல கூட்டுறவா தொடங்கி, 1958-ல யிஷிங் ஸிஷா (யிஷிங் டீபாட் மண்ணோட சீனப் பேரு) ஃபேக்டரின்னு பேரு வந்து, 1990-கள் கடைசியில முடிஞ்சு போச்சு. கு ஜிங்சோவ், ஜூ கெஷின், ஜியாங் ரோங் மாதிரி பேர்போன கைவினைஞர்கள் எல்லாரும் அங்க இருந்தவங்கதான். அந்தக் காலத்து சாதாரண பாட்டுகள் வேலைப்பாட்டுல கரடுமுரடா இருக்கும், மூடி லொடலொடன்னு இருக்கும், மண்ணு மட்டும் நல்ல மண்ணு. அதுக்குத்தான் இன்னைக்கு தேடல். நிஜமானது மலிவா கிடைக்கிற காலம் போயிடுச்சு, மலிவா கிடைச்சா போலின்னே எடுத்துக்கோங்க, அந்த முத்திரையத்தான் அதிகமா நகல் எடுக்குறாங்க.

கேள்வி: நான் ஊலாங் டீ குடிக்கிறவ. 1000 யுவான் வரைக்கும் செலவு பண்ணலாம். என்ன வாங்கட்டும்?

100-லிருந்து 130 மில்லிக்குள்ள, சுவர் மெல்லிசா, வாய் ரொம்ப அகலமில்லாத சிவப்பு மண்ணு பாட், பாதி கைவேலையில நல்லா முடிச்சது. வாசன தூக்கலான ஊலாங்குக்கு அது சரியா வரும். ஜூனின்னு பேரு போட்டதுக்காக அதிகம் குடுக்காதீங்க. அசல் ஜூனி சுடும்போது 20 சதவீதத்துக்கு மேல சுருங்கும், ஊதா மண்ணு அதுல பாதி அளவுதான், அதனால ஜூனி சூளையில நெளியும், வெடிக்கும், பெருசா செய்யவே முடியாது. இப்ப அந்தப் பேருல விக்கிறது நிறைய வேற சிவப்பு மண்ணு. 250 மில்லியில வழவழன்னு சுருக்கமே இல்லாம ஜூனின்னு காட்டினா நகந்துருங்க.

அதே காசுல குவாங்டாங் பக்கம் சாவ்சோவ் ஊரு பாட்டையும் பாருங்க. அவங்க சிவப்பு மண்ணுல சக்கரத்துல வனையுறாங்க, அங்க அதுதான் முறை, உள்ள வளையம் இருந்தா குறையில்ல. பேருக்கான ரேட்டு இன்னும் அந்த அளவு ஏறாததால 1000 யுவானுக்குள்ள உண்மையான கைவேலையே கிடைக்கும். அந்த ஊருக்காரங்க டான்சோங்ங்கற ஊலாங் வகைய காலங்காலமா இதுலதான் போட்டுக் குடிக்கிறாங்க. நான் உங்க இடத்துல இருந்தா இதத்தான் முதல்ல பாப்பேன்.

கேள்வி: வாங்கின பாட்ல மூணு தடவ வெந்நீர் ஊத்தியும் வாசன போகல. டீத்தூள் போட்டு கொதிக்க வச்சா சரியாயிடுமா?

எந்த மாதிரி வாசன? தூசி, அட்டைப்பெட்டி வாசன, சூளை வாசனன்னா வெறும் வெந்நீர்ல ஒரு ராத்திரி ஊற வச்சு காத்தாட காய விடுங்க, போயிடும். பெயின்ட், பாலிஷ் மாதிரி இருந்தா டீத்தூள் அந்த வாசனய மூடி மறைக்கும், எடுக்காது. சோப்பு போட்டுக் கழுவிடாதீங்க, பாட் சோப்ப உறிஞ்சிக்கும், அப்புறம் என்ன வாசன எதுலயிருந்து வருதுன்னே தெரியாது, செல்லரும் திருப்பி எடுக்க மாட்டாரு. கழுவாம, டீ போடாம, பெட்டியோட அப்படியே திருப்பி அனுப்புங்க.