குளோரின் வாடை வந்தால் குளோரின் போதவில்லை

கேள்வி: தக்கலை அருகே வீட்டில் 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. மே விடுமுறையில் பிள்ளைகள் கூட்டமாக இறங்கினால் குளோரின் வாடை தூக்குகிறது, கண் எரிகிறது. ‘ஷாக்’ (ஒரே தடவையில் அதிகக் குளோரின்) கொடுக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு வாடைக்கு மேல் இன்னும் குளோரினா?

பதில்: ஆமாம், இன்னும் குளோரின்தான். மூக்கில் ஏறுவது குளோரமின். வியர்வை, சிறுநீரிலுள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து உண்டாவது அது. அதை உடைக்க அதன் அளவைப்போல் 10 மடங்கு தனிக் குளோரின் (எதோடும் சேராமல் இருக்கும் குளோரின்) வேண்டும். பாதியில் நிறுத்தினால் உடையாது. ஒரு கை அள்ளிப் போட்டும் வாடை போகவில்லை என்பவர்கள் கணக்குப் பார்க்காமல் போட்டவர்களே.

மொத்தக் குளோரினில் தனிக் குளோரினைக் கழித்தால் குளோரமின் அளவு வரும். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சோதனைச் சொட்டு மருந்து மொத்தத்தை மட்டுமே சொல்லும். இரண்டையும் அளக்க, இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி சோதனை கிட் வாங்குங்கள். குளோரின் மிக அதிகமானால் அந்த நிறமும் வெளுத்துப் பூஜ்யம்போல் ஏமாற்றும்.

உங்கள் குளம் 800 கன அடி. சுமார் 22,600 லிட்டர். குளோரமின் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) இருந்தால் 10 பிபிஎம் ஏற்ற வேண்டும். 226 கிராம் குளோரின், அதாவது 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 350 கிராம். பிளீச்சிங் பவுடர் என்றால் புதிதாக இருந்தாலே 700 கிராம். கடற்காற்று ஈரத்தில் பிரித்து வைத்த மூட்டைக்குக் கணக்கே சொல்ல முடியாது. சுண்ணாம்புக் கசடு வேறு. குளத்துக்கு அதை வாங்காதீர்கள்.

முதலில் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.4க்குள் வர வேண்டும். 8ஐத் தாண்டினால் குளோரினின் வீரியம் பெரும்பாலும் வீண். ஓலை, சருகை வாரிவிட்டுச் சுவரைத் தேய்த்துவிடுங்கள். வெயிலில் குளோரின் சிதைந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை நிரப்பி அதில் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பம்ப் ஓடும்போதே குளத்தைச் சுற்றி ஊற்றி, இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

தூள் கலந்த பிறகு தனிக் குளோரினை அளந்து, விடியுமுன் மறுபடி அளந்து பாருங்கள். இரவில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் அழுக்கோ பாசியோ மிச்சமிருக்கிறது; மாலையில் மீண்டும் போட வேண்டும். தனிக் குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கும்வரை யாரும் குளிக்க வேண்டாம்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீர் நிரப்பி ஷாக் கொடுத்தோம். மறுநாள் குளம் கட்டன் சாயா நிறத்தில் கிடக்கிறது. (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: தண்ணீரில் கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருவாக்கிவிட்டது. மேலும் குளோரின் போட்டுப் பயனில்லை. பம்பை நிறுத்தி ஓர் இரவு தெளியவிட்டு, அடியில் தங்கியதை ஃபில்டர் வழியாக விடாமல் நேரே வெளியே உறிஞ்சி எடுங்கள். பிறகு ஃபில்டரை ஓட்டி, அழுத்தமானி ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்யுங்கள். அடுத்த முறை நிரப்புமுன் இரும்பு அளவைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: குளோரின் மாத்திரையைப் பொடித்தே ஷாக் கொடுக்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: கூடாது. மாத்திரை மெதுவாகக் கரைவது, பிஎச்சையும் இறக்கும். அதிலுள்ள சயனூரிக் அமிலம் குளத்தில் சேர்ந்துகொண்டே போய் குளோரினை மந்தமாக்கும். 100 பிபிஎம்மைத் தாண்டினால் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதுதான் வழி. மாத்திரைப் பொடியும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒரே வாளியிலோ, ஒரே கரண்டியிலோ பட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். ஆசிட் கேனையும் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.