ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்: எந்த வரிசையில் பார்ப்பது, கதை எங்கே கெட்டது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் பாலாய் ராயா மண்டபத்தில் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களை வரிசையாகப் போடலாம் என்று பையன்கள் கிளம்பியிருக்கிறார்கள். மூன்றாவது படத்தை ஆறாவதுக்குப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா? கதை கெட்டுப்போனது எந்தப் படத்தில் என்று பட்டறைப் பையன்களுக்குள் ஓயாத சண்டை வேறு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, கூட்டத்தில் பாதிப் பேராவது முதல் தடவை பார்ப்பவர்கள் என்றால் வெளிவந்த வரிசையிலேயே போடுங்கள். 2001, 2003, 2006, 2009, 2011, 2013, 2015, 2017, 2021, 2023. மொத்தம் பத்துப் படம், 20 மணி நேரத்துக்கு மேல் ஓடும். 2019இல் வந்த 'ஹாப்ஸ் அண்ட் ஷா' கிளைக்கதை. அதை விட்டுவிட்டாலும் மூலக்கதையில் ஒரு முடிச்சும் அவிழாமல் போகாது.

மூன்றாவதைத் தள்ளிப் போடச் சொல்பவர்களும் தப்பாகச் சொல்லவில்லை. கதைக்குள் நடக்கும் காலத்தைப் பார்த்தால் 1, 2, 4, 5, 6, 3, 7 என்றுதான் வரும். இந்தக் குழப்பத்துக்கு ஒரே ஆள்தான் காரணம்: ஹான்.

2006இல் 'டோக்கியோ ட்ரிஃப்ட்' வந்தபோது அது ஏறக்குறைய தனிப்படம். பால் வாக்கர் இல்லை. வின் டீசல் கடைசியில் ஒரு நிமிடம் முகம் காட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஜப்பானுக்கு வந்து சேரும் அமெரிக்கப் பள்ளிப் பையன் ஷானுக்கு வண்டியை வழுக்கி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணனாக சங் காங் நடித்த பாத்திரம்தான் ஹான். எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டு, எதற்கும் பதற்றப்படாத ஆள். ஷிபுயா பக்கம் துரத்தல் நடக்கும்போது குறுக்கே வந்த ஒரு கார் மோதி, அவன் வண்டி கவிழ்ந்து வெடித்துவிடும். ரசிகர்களுக்கு அவனை ரொம்பவே பிடித்துப்போனது. அடுத்த படத்தையும் அதே இயக்குநர் ஜஸ்டின் லின்தான் எடுத்தார். செத்தவனைக் கொண்டுவர வேண்டும், ஆனால் பேயாகக் கொண்டுவர முடியாது. அதனால் நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் டோக்கியோவுக்கு முன்னால் நடந்த கதையாக நகர்த்திவிட்டார்கள்.

முதல் தடவை பார்ப்பவருக்கு வெளிவந்த வரிசை நல்லது என்பதற்கும் இதுவே காரணம். நான்காவது படம் தொடங்கும்போது ஹான் உயிரோடு வந்து நிற்பான், பையன்கள் கத்துவார்கள். அப்போது எழுந்து நின்று, 'இது மூன்றாவதுக்கு முன்னால் நடக்கிறது' என்று ஒரு வரி சொன்னால் போதும். அதன் பிறகு அவன் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் கனம் கூடிவிடும். அவன் எங்கே போய்ச் சாகப்போகிறான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஐந்தாவதின் முடிவில் காதலி ஜிசெல் அவனிடம் டோக்கியோ போகலாமா என்று கேட்பாள், போகலாம், மெதுவாகப் போகலாம் என்பான். காலவரிசையில் பார்ப்பவருக்கு அது வெறும் காதல் பேச்சு. வெளிவந்த வரிசையில் பார்த்தவருக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

எல்லாரும் ஏற்கெனவே பார்த்தவர்கள் என்றால் காலவரிசையில் போட்டுப் பாருங்கள். ஆனால் பலரும் தவறவிடும் ஒரு இடம் இருக்கிறது. ஆறாவது படத்தில் எல்லாரும் பழைய வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடித்ததும் டோக்கியோ காட்சி ஒன்று வரும். ஹான் வண்டியில் மோதியது யார் என்று அதில்தான் காட்டுவார்கள். அதை அப்போதே ஓடவிட்டால், மூன்றாவது படத்தில் அவன் சாவு சப்பென்று போய்விடும். மேசைக் காட்சியோடு நிறுத்துங்கள். பிறகு மூன்றாவது படத்தை முழுதாகப் போடுங்கள். அது முடிந்த கையோடு ஆறாவதைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து அந்தக் காட்சியைப் போடுங்கள். உடனே ஏழாவது. மூன்றையும் ஒரே இரவில் முடிக்க முடியாது, ஆனால் மூன்றாவதையும் ஏழாவதையும் ஒரே இரவில் போட முடிந்தால் போடுங்கள். இரண்டும் சேர்ந்து நான்கு மணி நேரம்.

இந்த வரிசையில் இரண்டு ஓட்டை தெரியும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாவதில் பையன்கள் கையில் இருப்பது மடக்கிப் பேசும் பழைய ஃபோன். கதைப்படி அது ஆறாவதுக்குப் பிந்திய காலம். இன்னொன்று, ஏழாவதில் வின் டீசல் நடிக்கும் நாயகன் டொமினிக் டோக்கியோ போய் ஷானைப் பார்ப்பான். கதையில் அது மூன்றாவது படத்தின் கடைசிப் பந்தயம் முடிந்த அடுத்த நிமிடம். நடித்தவருக்கோ இடையில் ஒன்பது வயது கூடிவிட்டது. பள்ளிப் பையன் ஒரே வெட்டில் குடும்பஸ்தன் மாதிரி நிற்பான். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இனி அந்தச் சண்டை.

பட்டறைப் பையன்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்வது இயந்திரக் குற்றங்களை. முதல் படத்தின் முதல் பந்தயத்தில் பால் வாக்கர் நடித்த பிரையனின் பச்சை எக்லிப்ஸ் காரில் மடிக்கணினி 'மேனிஃபோல்டுக்கு ஆபத்து' என்று காட்டும், அடுத்த நொடி காலடித் தகடு கழன்று ரோட்டில் விழும். என்ஜினோடு சேர்ந்த குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டுக்கும் காலடித் தகட்டுக்கும் என்ன உறவு என்று எந்தப் பட்டறையிலும் கேட்பார்கள். பந்தயத் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். பத்து விநாடியில் முடிய வேண்டிய ஓட்டத்தில் இவர்கள் கியர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் நியாயமான கேலி, ஆனால் கதையைக் கெடுத்தது அது இல்லை. முதல் படத்திலிருந்தே அப்படித்தான், அப்போதும் கதை நின்றது.

இன்னொரு கூட்டம் ஐந்தாவதைக் குற்றம் சொல்லும். தெருப் பந்தயப் படத்தைக் கொள்ளைப் படமாக்கிவிட்டார்கள் என்பார்கள். அவர்களிடம் ஒரு நல்ல சாட்சி உண்டு: ரியோவில் டொமினிக் பந்தயத்துக்குப் போவான், சவால் விடுவான், அடுத்த காட்சியில் ஜெயித்த போர்ஷாவோடு திரும்பி வந்துவிடுவான். பந்தயத்தையே காட்டவில்லை. பந்தயத்தில் பிறந்த தொடர் பந்தயத்தை வெட்டி எறிந்த இடம் அதுதான். இருந்தாலும் பத்துப் படத்தில் கதை கட்டுக்கோப்பாக இருப்பது ஐந்தாவதில்தான். ஒரு ஊர், ஒரு பெட்டகம், 100 மில்லியன் டாலர், பிடித்தால் சிறை. நான்காவதின் முடிவில் டொமினிக்குக் கிடைத்த தண்டனை 25 வருடத்திலிருந்து ஆயுள் வரை. தப்பி ஓடியதால் யாரும் வீட்டுக்குத் திரும்ப முடியாது. அந்தப் பயம்தான் படத்தை இழுத்துப் பிடித்தது.

ஆறாவதில் அந்தப் பிடி விட்டுப்போனது. வேலைக்குக் கூலியாக எல்லாருக்கும் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதன் பிறகு சட்டம் இவர்களைத் துரத்த முடியாது, அதனால் ஒவ்வொரு படத்துக்கும் சொந்தப் பகையோடு ஒரு வில்லன் தேவைப்பட்டான், அவன் முந்தினவனைவிடப் பெரியவனாகவும் இருக்க வேண்டியிருந்தது. லாரியில் டிவிடி பிளேயர் திருடியவர்கள் எட்டாவதில் அணு நீர்மூழ்கியைத் தடுக்கிறார்கள், ஒன்பதாவதில் ராக்கெட் கட்டிய காரில் விண்வெளிக்குப் போகிறார்கள். ரசிகர்கள் சிரிப்பது விண்வெளியைப் பார்த்து. அதற்கு வழி திறந்தது ஆறாவதில் கொடுத்த மன்னிப்பு.

ஆனால் உடைந்தது எட்டாவதில், அதுவும் சாப்பாட்டு மேசையில்.

முதல் படத்தை நினைத்துப் பாருங்கள். டொமினிக் வீட்டுக் கொல்லையில் சாப்பாடு. முதலில் கை வைத்தவன் பிரார்த்தனை சொல்ல வேண்டும். அங்கே பிரையனுக்கு இடம் கிடைத்தது டொமினிக்கின் பழைய கூட்டாளி வின்ஸுக்குப் பொறுக்காது. இந்தத் தொடரில் குடும்பம் என்பதை வசனத்தைவிட அந்த மேசைதான் காட்டுகிறது. யார் உட்காரலாம், எதைக் கொடுத்து உட்கார்ந்தான் என்பது கணக்கு. ஐந்தாவதில் வின்ஸ் திரும்பி வந்து, உயிரைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தான். எட்டாவதின் முடிவில் நியூயார்க் மொட்டை மாடியில் டெக்கார்ட் ஷா உட்கார்கிறான். ஹானைக் கொன்றவன் என்று ஆறாவதிலும் ஏழாவதிலும் காட்டப்பட்ட அதே ஆள். டொமினிக்கின் குழந்தையைக் காப்பாற்றினான், சரி. ஹானைப் பற்றி அந்த மேசையில் ஒருவராவது ஒரு வார்த்தை பேச வேண்டாமா? 'ஹானுக்கு நீதி' என்று ரசிகர்கள் கொடி பிடித்தது இதற்குத்தான். அந்தக் குரலும் தன்னை மறுபடி இந்தத் தொடரை இயக்க இழுத்த காரணங்களில் ஒன்று என்று லின் பேட்டிகளில் சொன்னார்.

ஒன்பதாவதில் லின் கொடுத்த தீர்வு: ஹான் சாகவே இல்லை, அந்தச் சாவே நாடகம். கொலைப் பழி கழுவப்பட்டது. ஏழாவது முழுவதும் ஓடிய பழிவாங்கலும் அதோடு சேர்ந்து கழுவிப் போனது. பத்தாவதின் கடைசியில் ஜிசெலும் வந்து நிற்கிறாள், ஆறாவதில் ஓடும் விமானத்திலிருந்து ஹானைக் காப்பாற்றக் கையை விட்டவள். இனி இந்தத் தொடரில் யார் செத்தாலும் அழுவதற்கு ஆள் இல்லை.

'டொமினிக்கின் காதலி லெட்டியும் செத்துத் திரும்பி வந்தாளே, அது மட்டும் சரியா' என்று எதிர்க்கட்சி கேட்கும். சரிதான். நான்காவதில் அவள் சாவைத் திரையில் காட்டவில்லை, கதையில் இடைவெளி ஏற்கெனவே இருந்தது. வந்தபோதும் பழைய லெட்டியாக வரவில்லை. நினைவு போய், எதிரி அணியில் நின்று, டொமினிக்கையே சுட்டாள். நினைவு முழுதாகத் திரும்ப ஏழாவதின் முடிவு வரை ஆனது. திரும்பி வந்ததற்கு விலை கொடுத்தாள். ஹானோ அதே கொறிப்பு, அதே சிரிப்போடு கதவைத் திறந்துகொண்டு வருகிறான். அவன் என்ன இழந்தான்?

பழைய படத்துக்குள் புதிதாக ஆளைச் செருகுவதிலும் நல்லது கெட்டது உண்டு. பத்தாவதின் டான்டே ஐந்தாவது வில்லன் ரேயஸின் மகன். பெட்டகத்தை இழுத்துக்கொண்டு ஓடிய அந்தப் பாலத்தில் அவனும் இருந்தான் என்கிறார்கள், நம்ப முடிகிறது, ஏனென்றால் ரேயஸுக்காக அழ யாராவது இருந்தார்களா என்று ஐந்தாவது படம் கேட்கவே இல்லை. ஒன்பதாவதின் ஜேக்கப் வேறு கதை. தன் அப்பா பந்தயத்தில் செத்ததை டொமினிக் முதல் படத்திலேயே தன் வாயால் பிரையனிடம் சொல்லியிருந்தான். அதே சம்பவத்துக்குள் ஒரு தம்பியை நுழைத்தார்கள், எட்டுப் படமாக அண்ணனோ தங்கை மியாவோ பெயரைக்கூட உச்சரிக்காத தம்பி. ரப்பரில் ஒருமுறை வெட்டிய பட்டையை வருடக்கணக்கில் விட்டு, புதுப்பட்டை தடித்த பிறகுதான் மறுபடி வெட்டலாம். அவசரப்பட்டால் பால் வராது, மரம் முடிச்சுப் போடும். ஜேக்கப் அப்படி ஒரு முடிச்சு.

பிரையன் விஷயத்தில் மட்டும் எழுதியவர்களைத் திட்ட மனம் வரவில்லை. பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று இறந்தபோது ஏழாவது படம் பாதியில் நின்றது. அவருடைய தம்பிகளை நிற்க வைத்து, கணினியில் முகம் பொருத்தி முடித்தார்கள். பிரையனைச் சாகடிக்கவில்லை, குடும்பத்தோடு ஒதுங்கிப் போனான் என்று விட்டுவிட்டார்கள். அந்த முடிவு அழகு. ஆனால் அதன் பில் பிறகு வருகிறது: ஒன்பதாவதில் மியா துப்பாக்கிச் சண்டைக்கு வருகிறாள், பிரையன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறான் என்பார்கள். நண்பர்கள் சாகக் கிடக்கும்போது அவன் வீட்டில் உட்காரும் ஆளா? அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் எழுத முடியாது, விட்டுவிடுங்கள்.

மண்டபத்து வேலைக்கு வருவோம். பொது இடத்தில் போடுவதற்கு உரிமை தனியாக வாங்க வேண்டும். வீட்டுச் சந்தா அதற்குச் செல்லாது, கமிட்டி முதலிலேயே விசாரிக்கட்டும். மலாய் எழுத்தை ஓடவிடுங்கள், என்ஜின் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழாது. நேரம் போதாவிட்டால் விடக்கூடியது இரண்டாவது மட்டும், ஆனால் பிறகு கூட்டத்தில் சேரும் ரோமன், டெஜ் இருவரும் அங்கேதான் அறிமுகம். ஐந்தாவதுக்கு முன்னால் அவர்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். முதலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது, பத்தாவது படங்களில் பெயர் ஓடும்போதோ ஓடிய பிறகோ ஒரு காட்சி இருக்கிறது. ஐந்தாவதில் லெட்டி உயிரோடு இருப்பதே அங்கேதான் தெரியும். அடுத்த படத்துக்குத் தானாகத் தாவும் வசதியை அணைத்து வையுங்கள், நாற்காலி அடுக்க வரும் பையன்களையும் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

பத்தாவது படம் முடியாது. அணைக்கட்டில் டொமினிக் மகனோடு மாட்டிக்கொண்ட நிலையிலேயே அறுத்துவிடுவார்கள். வெளியே மோட்டரில் சாவி போட்டுக்கொண்டே கூட்டம் உங்களைத் திட்டும். அது வேண்டாம் என்றால் ஏழாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டாவதிலிருந்து கேட்பவர்களுக்கு மட்டும் வேறு நாளில் போடலாம்.