சுமோவுக்கு 120 ஆம்பியர் டைனமோ வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். என்னுடையது 2001 மாடல் டாடா சுமோ டீசல். ஏ.சி., இரண்டு ஃபாக் லைட், ஆம்ப்ளிஃபையர் போட்ட பிறகு சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்குகிறது. 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (டைனமோ) போட்டு ஆர்.சி.யிலும் ஏற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: 120 வேண்டாம். ஹெட்லைட், ஃபாக் லைட் என நான்கு விளக்குக்கும் சேர்த்து 18 ஆம்பியர். ஏ.சி. ஃபேன், புளோயர், கிளட்ச் எல்லாம் 25ஐ ஒட்டி வரும். ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு 10. ஆக மொத்தம் 53, கொஞ்சம் கையிருப்பும் சேர்த்தால் 75 ஆம்பியர் போதும். ஐடிலில் எந்த ஆல்டர்னேட்டரும் முழு ஆம்பியர் தராது. சிக்னலில் விழும் குறையைப் பேட்டரி தாங்கும், ஓட்டத்தில் திரும்ப ஏறிவிடும்.

பழைய உதிரிபாகம் தேடிப் புதுப்பேட்டைக்கு அலையும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். எல்லா லோடையும் போட்டு இன்ஜினை 1,500 சுற்றில் வைத்து, ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே அளக்கவும். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு வயரில். பேட்டரி மைனஸுக்கும் ஆல்டர்னேட்டர் பாடிக்கும் நடுவே 0.2ஐத் தாண்டினால் கோளாறு எர்த் பட்டையில், அதாவது பேட்டரி மைனஸை வண்டியோடு இணைக்கும் கேபிளில். உங்கள் பக்கம் கடல் காற்றில் அந்தப் பட்டை, முனையில் உள்ள லக்குக்குள்ளேயே பச்சை பூத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. முதலில் அதை மாற்றுங்கள்.

மாற்றியும் தேறாவிட்டால்தான் புது ஆல்டர்னேட்டர். இங்கே ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டியில் பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய, பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை, பிராக்கெட்டை வெல்டு வைத்து மாட்டிக் கொடுப்பார்கள். சார்ஜ் ஏறும், பிரேக் கல்லாகிவிடும். அதனால் பம்ப்போடு வரும் டீசல் ரகத்தையே கேளுங்கள். ஆயில் ஹோஸுக்குப் புதுக் காப்பர் வாஷர் போட்டு, ஸ்டார்ட் பண்ணும் முன் பம்ப்புக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விடச் சொல்லுங்கள். ரிட்டர்ன் ஹோஸ் மடங்கினால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி கார்பன் பிரஷ்ஷைக் கெடுக்கும். மாட்டி முடித்து ஒருமுறை ஓடவிட்டு, இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காத வண்டியை ஷெட்டை விட்டு எடுக்காதீர்கள்.

பழைய சார்ஜிங் வயர் 75ஐத் தாங்காது. 16 சதுர மி.மீ. காப்பர் கேபிளைப் புதிதாக இழுத்து, பேட்டரிப் பக்கத்தில் 100 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் பண்ணும் முன், டேஷ்போர்டில் சார்ஜ் லைட் எரிகிறதா பாருங்கள். பல்பு போயிருந்தால் சார்ஜே எழும்பாமல் போகலாம்.

வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, "பாருங்க சார், ஓடுது" என்று காட்டுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜில் டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். அப்புறம் அதற்கும் உங்களிடமே காசு. ரீகண்டிஷன் பீஸில் 120 என்று ஸ்டிக்கர் ஒட்ட ஒரு நிமிடம் போதும். லோடு போட்டு, டி.சி. கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் என்று காட்டினால் மட்டும் பணம் கொடுங்கள், பில்லோடு.

ஆர்.சி. கதை புரோக்கர் கட்டியது. அதில் இன்ஜின் எண், சேஸிஸ் எண் உண்டு. ஆல்டர்னேட்டருக்கு இடமே கிடையாது. எதை ஏற்ற வேண்டும், எதை வேண்டாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் தமிழில் ஒரு போர்டு வைத்திருந்தால் இந்தப் பிழைப்பு என்றைக்கோ ஒழிந்திருக்கும்.