விசா ஒன்று, வேலை வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். துபாயில் ஏ.சி. மெக்கானிக் ஹெல்பர் வேலை இருக்கிறது என்று ஊர் ஏஜெண்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார். "முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். இரண்டு மா நிலத்தை ஒத்தி வைத்துக் கட்டிவிடலாமா?
- ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

பதில்: கட்டாதீர்கள் அம்மா. பத்தாம் வகுப்பு தேறாதவர் என்பதால் உங்கள் மகனுடையது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டாகத்தான் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) இருக்கும். அதை வைத்துக்கொண்டு அமீரகம், சவுதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளம் வழியாக எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்ற அந்த அனுமதியை வாங்க வேண்டும். முதலாளி யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அரசிடம் பதிவாவது அந்தக் கிளியரன்ஸில்தான். 10 லட்ச ரூபாய்க்கான 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' இன்ஷூரன்ஸும் அதோடு சேர்ந்தது; இரண்டு வருஷத்துக்கு பிரீமியம் வெறும் 275 ரூபாய். விசிட் விசாவில் விமானம் ஏறினால் இவை எதுவும் இல்லை. திருச்சி விமான நிலையத்தில் ரிட்டர்ன் டிக்கெட், தங்கும் இடம், கைச்செலவுப் பணம் என்று இமிகிரேஷனில் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பையன் தடுமாறினால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏஜெண்ட் சொல்வதில் பாதி உண்மை. அமீரகத்துக்குள் இருந்தபடியே விசிட்டிலிருந்து வேலை விசாவுக்கு மாறச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஒர்க் பெர்மிட் கைக்கு வரும் முன்பே சைட்டில் இறக்கிவிடுவார்கள், அது குற்றம். விசா நாள் முடிந்தபின் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம் ஏறும். சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்கப் பையன் பயப்படுவான். இந்தப் பயத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

ஏஜெண்டிடம் லைசென்ஸ் எண் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் நடப்பில் இருக்கிறதா, ரத்தானதா என்று தெரிந்துவிடும். லைசென்ஸ் உள்ளவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. அதையும் பேங்க் வழியாகக் கட்டி ரசீது வாங்க வேண்டும். "சென்னை ஆபீசுக்கு நான்தான் ஆள் பிடித்துக் கொடுப்பேன்" என்கிற சப்-ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவசரம் இல்லையென்றால் பையன் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதட்டும். தேறிவிட்டால் அந்தச் சான்றிதழைக் கொடுத்து, ஈ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட்டாக ரீ-இஷ்யூ வாங்கிவிடலாம்.

கேள்வி: சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு ஐ.பி.ஏ. (ஒர்க் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம்) வந்துவிட்டது. அதில் இருக்கும் சம்பளம் ஒன்று, ஏஜெண்ட் வாயால் சொல்வது ஒன்று. எதை நம்புவது?
- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தாளில் இருப்பதை. சிங்கப்பூருக்கு ஈ.சி.ஆர். தொல்லை இல்லை, அங்கே உங்களைக் காப்பது இந்த ஐ.பி.ஏ. கடிதம்தான். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, உங்களுக்குப் புரியும் மொழியில் அதை முதலாளி அனுப்பியாக வேண்டும். அடிப்படைச் சம்பளம், நிலையான அலவன்ஸ், மாதாமாதம் பிடிக்கும் தொகை என்று மூன்றும் தனித்தனியாக இருக்கும். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதைப் படியுங்கள். 800 வெள்ளி சம்பளம் போட்டு, சாப்பாடு, தங்குமிடம் என்று 200 பிடித்தால் கைக்கு வருவது 600தான். லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டியது. அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம்.

ஐ.பி.ஏ.யில் உள்ள சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். அதனால்தான் போய் இறங்கிய வாரமே சில இடங்களில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். படிக்காமல் போடாதீர்கள். மாதாமாதம் பே-ஸ்லிப்பையும், வேலை பார்த்த மணிக்கணக்கையும் போனில் படமெடுத்து வையுங்கள். பாக்கி விழுந்தால் வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள், வேலையை விட்டபின் என்றால் 6 மாதத்துக்குள், சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் சிங்கப்பூர் அமைப்பான டி.ஏ.டி.எம்.மில் புகார் செய்யலாம். பெர்மிட்டில் உள்ள கம்பெனி தவிர வேறு எவரிடமும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கூலிக்குக்கூட, போகாதீர்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் என்று மட்டும் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. டிகிரி சான்றிதழில் 'கே. செந்தில்குமார்'. வளைகுடா போகத் தடையா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இன்ஷியலோடு வாழ்கிற நமக்கென்றே வந்த சிக்கல் இது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா விஷயத்தில் அமீரகம் 2022 நவம்பர் முதல் கெடுபிடி காட்டுகிறது. விசா போடும் முன்பே ரீ-இஷ்யூவுக்கு விண்ணப்பித்து, இன்ஷியலை விரித்து, அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுங்கள். விசா அடித்த பிறகு மாற்றினால் இரண்டும் பொருந்தாமல் போகும். சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று கையில் இருக்கட்டும். சவுதி, ஓமன், பஹ்ரைனுக்கு அப்போஸ்டில் (நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று முத்திரை) போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அந்தந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும்.

கேள்வி: கிளம்பும் முன் வீட்டில் எதை வைத்துவிட்டுப் போக வேண்டும்?
- ஒரு வாசகி, கூத்தாநல்லூர்

பதில்: பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், ஏஜெண்ட் ரசீது எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் செட். அங்கே பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால், வீட்டிலிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' புகார் தளத்தில் பதிய அந்த நகல்தான் கை கொடுக்கும். வெளிநாடு போகும் இந்தியர்களுக்கான அரசு உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் இலவச எண் 1800 11 3090. அதை அந்தச் செட்டின் மேல் தாளில் எழுதி வையுங்கள்.