400 கிலோ தூக்கும் சின்ன டிராக்டர் லோடருக்கு, ஆறு மூட்டை சீமெந்தை ஒரே பலட்டில் தூக்க, பாரம் குறைந்த பலட் ஃபோர்க்கை (சாமான் அடுக்கும் மரத்தட்டான பலட்டுக்குள் நுழைத்துத் தூக்கும் எல் வடிவ இரும்புக் கரங்கள்) நாமே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி ஆறு மூட்டை சீமெந்தை ஒரே பலட்டில் வைத்துத் தூக்க உங்கள் லோடரால் முடியாது. கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் வெல்டிங் வேலை பார்க்கிறவன் நான். இந்தக் கேள்வியோடு வருகிற எல்லாரிடமும் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

400 கிலோ தூக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது லோடர் கையின் நுனியில் பக்கெட்டை மாட்டும் ஆணி இருக்கிற இடத்தில் அளந்த அளவு. பலட்டின் நடுப்பகுதியோ அந்த ஆணிக்கு முக்கால் மீற்றர் முன்னால் நிற்கும். லோடர் கையின் நீளம் 1.6 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கால் மீற்றரும் சேர்ந்தால் 2.35. 400ஐ 1.6ஆல் பெருக்கி 2.35ஆல் வகுத்தால் 270 சொச்சம். ஃபோர்க்கின் பாரமும் இதற்குள்ளேதான் அடங்க வேண்டும். 50 கிலோ மூட்டைக் கணக்கில், 60 கிலோ ஃபோர்க் என்றால் இலேசான பலட்டோடு நான்கு மூட்டை. கடையில் வாங்கும் 150 கிலோ செட் என்றால் இரண்டே மூட்டை! பாரம் குறைந்த ஃபோர்க் வேண்டும் என்பது இதனால்தான்.

பக்கெட்டின் விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டும் ஃபோர்க் வேண்டவே வேண்டாம். பக்கெட்டின் பாரம் அப்படியே இருக்கும், சாமான் இன்னும் முன்னுக்குத் தள்ளிப் போகும், விளிம்பும் வளையும். பஞ்சிகாவத்தையில் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் கிடைக்கும்தான். 100க்கு 35 மில்லிமீற்றர் கெட்டி இரும்பு, ஒன்றே 40 கிலோ அளவில் வரும். அது வெப்பப் பதம் போட்ட இரும்பு, அதில் சாதாரண ரொட்டால் வெல்டிங் பிடித்தால் அந்த இடத்திலேயே வெடிப்பு விழும். குதி, அதாவது ஃபோர்க் எல் வடிவில் வளையும் மூலை, பத்து வீதம் தேய்ந்திருந்தால் தாங்கும் பாரம் இருபது வீதம் போய்விட்டது என்று அர்த்தம்.

நான் சொல்வது 75க்கு 50, 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொக்ஸ் பார், உள்ளே வெறுமையான நீள்சதுர இரும்பு. பழைய சோனகர் தெரு இரும்புக் கடைகளில் கேளுங்கள். தடிப்பு அளக்கும் வேர்ணியரைக் கையில் கொண்டுபோங்கள், 5 என்று விற்பது 4ஆகவும் இருக்கும். மீற்றருக்கு 9 கிலோ. 75 பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். மரப் பலட்டின் வாய் 100 மில்லிமீற்றர் வரைதான் என்பதால் அதைவிட உயரமான பார் சரிவராது. நம் கணக்கைத் தாண்டி 300 கிலோ ஏற்றி, பலட் கோணலாகி அது முழுக்க ஒரே ஃபோர்க்கில் விழுந்தாலும், குதியிலிருந்து 600 மில்லிமீற்றரில், இரும்பில் வரும் தகைப்பு (ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் தாங்கும் விசை) 80 மெகாபாஸ்கல் அளவுதான். சாதாரண இரும்பு வளையத் தொடங்குவது 250இல். குழியில் விழுந்து குலுங்கி அது இரட்டிப்பானாலும் தாங்கும்.

அதனால் பார் உடையாது. உடைந்தால் குதி மூட்டுதான் உடையும். பாரம் ஏறும்போது எல் வடிவம் விரியப் பார்க்கும், இழுவை முழுக்க உள்மூலையில். எங்கள் பாஸ்மார் வழக்கமாக அந்த மூலையில் ஒரு முக்கோணத் தகடு வைப்பார்கள். அது பலட்டை முட்டவிடாமல் தடுக்கும், சாமான் இன்னும் முன்னுக்குப் போகும். வெளிமூலையில் வைத்தால் பெரிய பிரயோசனம் இல்லை, அது அமுக்கம் வருகிற பக்கம். இரண்டு பக்கக் கன்னத்திலும் 6 மில்லிமீற்றர் தகட்டை எல் வடிவில் வெட்டி ஒட்டுவதுதான் சரி. உள்மூலையைச் சரித்து அரைத்து, அடிவரை உருகிப் பிடிக்கும்படி வெல்டிங் போட வேண்டும். அதற்கு 7018 ரொட், ஈரம் பட்டால் கெடும் வெல்டிங் கம்பி. கொழும்பு ஈரக்காற்றில் திறந்து வைத்த பெட்டி என்றால் ஓவனில் காயவைக்காமல் தொடாதீர்கள்.

நுனியைக் கூராக்க அடிப்பக்கத்தில் ஆப்பு வடிவில் வெட்டி, அடித்தகட்டை மேலே மடக்கி ஒட்டுங்கள். மேல்முகத்தில் வெட்டக் கூடாது. பின்புறச் சட்டத்துக்கு மேலே 40 மில்லிமீற்றர் கெட்டி ஷாஃப்ட், கீழே அதே பொக்ஸ் பார். ஃபோர்க் ஷாஃப்டில் தொங்கி, கீழ்ப் பாரில் சாய்ந்து நிற்கும். லோடரில் மாட்டும் காதுகளின் (ஆணி நுழையும் துளைத் தகடுகளின்) அளவைப் பழைய பக்கெட்டிலிருந்து எடுங்கள், மட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டு இரும்பை வெட்டுங்கள். பொக்ஸ் பாரின் திறந்த முனைகளையெல்லாம் அடைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் போனால் துரு வெளியே தெரியாமல் தின்னும்.

பின்பாரம் இல்லாமல் இதை ஓட்ட வேண்டாம். இந்தச் சின்ன டிராக்டர்களுக்கு பிரேக் பின் சில்லில்தான். பின் சில்லு இலேசானால் சரிவில் பிரேக்கும் இல்லை. 200 லீற்றர் பரலில் பாதிக்கு கொங்கிரீட் நிரப்பினால் 240 கிலோ, அதைப் பின்னுக்கு மூன்று முனை இணைப்பில் மாட்டுங்கள்.

முதல் தடவை தட்டையான தரையில், நான்கு மூட்டையையும் வைத்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காமல் நிறுத்துங்கள். யாரும் கிட்ட நிற்கக் கூடாது. இறக்கியதும் இரண்டு நுனியும் தரையிலிருந்து முன்பிருந்த அதே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள், குதி வெல்டிங்கில் மயிர்க்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் அடிப்பது அதற்குப் பிறகு. முதலே அடித்தால் கோடு தெரியாது.