ஜூரோங் கிளைப் பாதை ஏன் நின்றது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தஞ்சோங் பகார் ரயில் நிலையம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் சிங்கப்பூரில் கிளிமெண்டியில் இருக்கிறேன். சன்செட் வே பக்கம் ஒரு பழைய ரயில் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் இதில் எந்த ரயில் போனது என்று என் மகள் கேட்கிறாள். ஜப்பான்காரன் போட்டது என்கிறார் என் மாமனார். ஜூரோங்குக்குப் போன சரக்கு ரயில், முப்பது வருஷம்கூட உருப்படியாக ஓடவில்லை, வீண் செலவு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எது சரி? நம்மவர்கள் அதில் வேலை பார்த்தார்களா?

கி., கிளிமெண்டி

அன்புள்ள கி.,

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. ஜப்பானியர் ஆட்சிக்கும் அந்தப் பாலத்துக்கும் சம்பந்தமில்லை. தஞ்சோங் பகாரிலிருந்து ஜோகூருக்குப் போன பெரிய பாதையிலிருந்து புக்கிட் தீமா நிலையத்தில் பிரிந்து, கிளிமெண்டி சாலைக்கு அடியில் ஒரு சுரங்கத்தில் நுழைந்து, உலு பாண்டான் கால்வாயைத் தாண்டி ஜூரோங் தொழிற்பேட்டைக்குப் போன கிளைப் பாதை அது. 1960-களின் நடுவில் போட்டார்கள். மொத்த நீளம் இருபது கிலோமீட்டரைத் தொடாது. சரக்குக்காக மட்டுமே போட்ட பாதை. 1990-களின் தொடக்கத்தில் நின்றுபோனது.

வீண் செலவு என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் பாதை போட்ட காலத்தைப் பாருங்கள். 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைகிறது. ஜூரோங்கில் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தை நிரப்புகிறார்கள். ஆலைகள் வருமா என்று யாருக்கும் தெரியாது. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடத்தனம் என்றே பலர் பேசிக்கொண்டார்கள். 1963 செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவோடு இணைகிறது. இணைப்பில் சிங்கப்பூருக்கு இருந்த பெரிய எதிர்பார்ப்பு பொதுச் சந்தை. இங்கே செய்யும் பொருள் வரி இல்லாமல் தீபகற்பம் முழுக்கப் போக வேண்டும். அப்படியானால் ஆலை வாசலில் வேகனில் ஏற்றிய சரக்கு, நடுவில் எங்கும் இறக்காமல் புக்கிட் தீமா, உட்லண்ட்ஸ், கடற்பாலம், ஜோகூர் என்று கோலாலம்பூர்வரை போகலாம். அந்தக் கணக்கில் இந்தக் கிளைப் பாதை மிகச் சரியான யோசனை.

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு அப்புறம்தான் ஜூரோங் பாதையில் ரயில் ஓடவே தொடங்கியது. எந்தச் சந்தையை நம்பிப் போட்டார்களோ, அந்தச் சந்தை போய்விட்டது. ஆலைகள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நோக்கித் திரும்பின. அங்கே அனுப்புவதற்குக் கப்பல்தான் வேண்டும், ஜூரோங் துறைமுகமோ பக்கத்திலேயே இருந்தது. தீவுக்குள் எங்கே போனாலும் லாரி போதும். ரயிலுக்குத் தூரம் வேண்டும். ஏற்றி இறக்குகிற செலவைத் தூரம்தான் ஈடுகட்டும். எல்லைக்கு அப்பால் போகிற சரக்கு குறைந்ததும் பாதைக்கு வேலை குறைந்தது. திட்டம் போட்டவர்களின் அறிவுக்குறை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாட்டுக்காகப் போட்ட பாதை, வேலை முடிவதற்குள் நாடே மாறிவிட்டது.

அடுத்து, நம்மவர்கள். மலாயா ரயில்வேயின் பாதைப் பராமரிப்பு வேலையில் தமிழர்கள்தான் ஏராளம். சம்மட்டியும் கடப்பாரையுமாகத் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்ததை அடித்து இறுக்கி, மழையில் ஜல்லி இறங்கிப்போன இடத்தில் சிலிப்பர் கட்டைக்கு அடியில் மறுபடி ஜல்லி திணித்துக் கெட்டிப்படுத்துவது கேங் ஆட்களின், அதாவது பாதையைப் பராமரிக்கும் குழுவினரின், அன்றாட வேலை. இந்த ஊர் மழைக்கு அந்த வேலை ஓயவே ஓயாது. ஓட்டுநர் பெயராவது சில இடங்களில் பதிவாகும். கேங் ஆள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஆனால் அவர்கள் ஓர் அடையாளத்தை விட்டுப்போயிருக்கிறார்கள். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அதன் தொடக்கம் 1932-இல் குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் வைத்த சின்னக் கோயில். டேங்க் ரோட்டில் முடிந்துகொண்டிருந்த பாதையை மாற்றி, தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்ததும் அதே 1932-இல்தான். பாதை இடம் மாறிய கையோடு முனீஸ்வரனும் வந்துவிட்டார்.

மகளை அழைத்துக்கொண்டு புக்கிட் தீமா நிலையத்துக்குப் போய் வாருங்கள். செப்பனிட்டு 2022-இல் திறந்திருக்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக ரயில்கள் மோதாமல் இருக்க அங்கே ஒரு முறை இருந்தது. ஒரு பெரிய வளையம், அதில் தொங்கும் தோல் பை, பைக்குள் ஒரு உலோகச் சாவி. அதற்கு டோக்கன் என்று பெயர். அந்தப் பகுதிக்கு உரிய டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க முடியாது. ரயில் மெதுவாக வரும்போது நிலைய ஊழியர் நடைமேடை ஓரத்தில் நின்று வளையத்தை உயர்த்திப் பிடிப்பார். இஞ்சினிலிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொள்ளும், பழைய வளையத்தைக் கொடுத்துவிடும். 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாருக்கு ரயில் ஓடுவது நிற்கும்வரை புக்கிட் தீமாவில் இது நடந்தது. குழந்தைக்குச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

உங்கள் மாமனாரிடம் ஒன்று கேட்க வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள், கேங் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் என்று அவருக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு, பேசுவதைக் கைத்தொலைபேசியிலாவது பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். எழுத்தாக்கி இந்தத் தளத்தில் போடுகிறேன்.