முதுகில் சூடு, புருவமத்தியில் அழுத்தம், உடல் தானாக ஆடுகிறது: இது குண்டலினி விழிப்புதானா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: காணொளிகளைப் பார்த்து ஆறு மாதமாகப் பஸ்திரிகாவும் புருவமத்தித் தியானமும் செய்கிறார். முதுகுத்தண்டில் சூடு ஏறுகிறது, நெற்றியில் அழுத்தம் தங்கிவிட்டது, உட்கார்ந்தால் உடல் ஆடுகிறது, விரல்களில் மின்சாரம் பாய்வது போல இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ‘எழும்பிவிட்டது’ என்று வாழ்த்துகிறார்கள். இது குண்டலினிதானா (முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாக யோக மரபு சொல்லும் சக்தி எழும்புவதுதானா), மேலே என்ன செய்வது என்று கேட்கிறார்.

இருக்கலாம். ஆனால் இந்த நான்கையும் உண்டாக்க வேறு சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. முதலில் அவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

விரல் மின்சாரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பலர் முதலில் சொல்வது அதைத்தான். பஸ்திரிகாவில் வேகமாக மூச்சை இழுத்துத் தள்ளும்போது இரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. உடனே இரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகள் சிலிர்க்க ஆரம்பிக்கின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருக்கும். இன்னும் தொடர்ந்தால் கைவிரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகிக்கொள்ளும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை லேசாகி, மிதப்பது போல ஒரு பரவசம் வரும். காணொளிகளில் ‘சக்தி பாய்கிறது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். சோதிப்பது எளிது: பஸ்திரிகாவை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கினால் அது மூச்சுக் கணக்கின் விளைவு. பஸ்திரிகாவே செய்யாத நாட்களில், காலையில் விழித்ததும் வருகிறது என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

நெற்றி அழுத்தத்துக்கு முக்கியக் காரணம் கண்கள். ‘புருவமத்தியைக் கவனி’ என்றால் பெரும்பாலோர் மூடிய இமைக்குள் கண்மணிகளை மேலே தூக்கி உள்பக்கமாகச் செருகிக்கொள்கிறார்கள். கண்ணை நகர்த்தும் தசைகளும் நெற்றித் தசையும் அரை மணி நேரம் இறுகியே இருந்தால், எழுந்த பிறகும் அந்த இடம் விண்ணென்றுதான் இருக்கும். தாடையைத் தளர்த்தி, நாக்கைத் தளர விட்டு, கண்களைக் கீழ்நோக்கி ஓய்வாக வைத்துக்கொண்டு அதே இடத்தை நினையுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் அழுத்தம் பாதியாகக் குறைந்தால் அது தசைதான்.

உடல் ஆடுவதில் இரண்டு வகை உண்டு. முதுகு நேராக உட்கார்ந்து பழகாதவர்களுக்கு இடுப்புத் தசை களைத்து, இதயத் துடிப்புக்கு ஏற்ப மெல்லிய ஊசலாட்டம் வரும். அரைத்தூக்கத்துக்குப் போகும்போது கழுத்தோ கையோ வெடுக்கென்று உதறும். படுக்கையில் தூங்கப் போகும்போது வருவதும் அதே உதறல்தான். இன்னொன்று, குரு தன் சக்தியைச் சீடருக்குள் செலுத்தும் சக்திபாத மரபுகளில் கிரியை என்று சொல்லப்படுவது: கழுத்து சுழல்வது, தானாக முத்திரை பிடிப்பது, பந்தம் விழுவது (உடலின் ஓரிடத்துத் தசைகள் இறுகிக்கொள்வது), மூச்சு தானாக நின்றுபோவது. இது வந்தால் அந்த மரபுகளில் கொண்டாடுவதுமில்லை, பயப்படுவதுமில்லை. கவனித்துக்கொண்டு விட்டுவிடச் சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே: கண்ணைத் திறந்து ‘போதும்’ என்று தீர்மானித்தால் நிற்கிறதா? நின்றால் கவலையில்லை. பேருந்திலும் அலுவலகத்திலும் வருகிறது, நினைவு தப்புகிறது, நாக்கைக் கடித்துக்கொள்கிறீர்கள் என்றால் அது நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். வலிப்பாக இருக்க வாய்ப்புண்டு.

முதுகுச் சூட்டை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் உடல் சூடு, படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடைக் குறைவு எல்லாம் சேர்ந்து வரும். குண்டலினிக்குச் சொல்லப்படும் பட்டியலோடு வரிக்கு வரி பொருந்தும். அசைவத்தை நிறுத்தி, பாலையும் குறைத்துக்கொண்டு சாதனை செய்பவர்களுக்கு பி12 குறைவது மிகச் சாதாரணம். அதில் கை கால் எரிச்சலும் மரத்துப்போவதும் வரும். சிலருக்குத் தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாகச் சுளீரென்று மின்சாரம் ஓடும். எவ்வளவு பேர் அதை நாடி (சக்தி ஓடும் பாதை) திறந்த அடையாளமாக எடுத்துக்கொண்டு, ஊசி போட்டால் தீர வேண்டியதை வருடக்கணக்காக வளர்த்திருப்பார்களோ! டிஎஸ்ஹெச் (தைராய்டுப் பரிசோதனை), பி12, ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், ஒரு இசிஜி. குரு தேடுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

இத்தனையும் கழித்த பிறகு மிச்சம் இருப்பது என்ன? உண்மையான விழிப்பு என்று பதிவானவற்றில் மிக விரிவான ஒன்று காஷ்மீரைச் சேர்ந்த கோபி கிருஷ்ணாவுடையது. அரசு அலுவலகத்தில் எழுத்தர். உச்சந்தலையில் ஒரு தாமரை ஒளிர்வதாகப் பாவித்துப் பதினேழு வருடம் விடியற்காலையில் தியானம் செய்தவர். 1937 டிசம்பரில் ஜம்முவில், அருவி இரைவது போன்ற சத்தத்தோடு முதுகுத்தண்டு வழியாக ஒளி ஒன்று தலைக்குள் பாய்ந்ததாக எழுதுகிறார். அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் முகநூலில் பகிர்வதில்லை: பசி போயிற்று, தூக்கம் போயிற்று, உடம்புக்குள் நெருப்பு எரிந்தது, காரணமில்லாத திகில் பிடித்துக்கொண்டது, வீட்டார் மேல் இருந்த பாசம்கூட வற்றிப்போனது. சக்தி வலப்பக்கத்துச் சூட்டு நாடியான பிங்கலை வழியாக ஏறிவிட்டது என்று ஊகித்து, இடப்பக்கத்துக் குளிர் நாடியான இடகலையை நினைந்து குளிர்ச்சியை வரவழைத்துத்தான் உயிர் பிழைத்ததாகச் சொல்கிறார். வயிற்றைக் காயவிடாமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதை முக்கிய மருந்தாக வைத்துக்கொண்டார். முழுதாகச் சமநிலைக்கு வர வருடங்கள் ஆயின.

சக்தி ஏறும் நடையை ராமகிருஷ்ண பரமஹம்சர் எறும்பு, மீன், குரங்கு, பறவை, பாம்பு என்று ஐந்து விதமாகப் பிரித்துச் சொன்னார். ஒருவருக்கு ஊர்வது போலவும் இன்னொருவருக்குத் தாவுவது போலவும் இருப்பதால், உங்கள் அனுபவம் பக்கத்து வீட்டுக்காரரைப் போல இல்லையே என்று குழம்ப வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் லீ சானெல்லா 1976-இல் இத்தகைய அனுபவங்களைத் தொகுத்தார். அவர் விவரிக்கும் பாதை கால்விரலிலும் பாதத்திலும் தொடங்கி, கால், முதுகு, பிடரி, உச்சி வரை ஏறி, முகம் வழியாகத் தொண்டைக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. நம் நூல்கள் சொல்வதோ முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் மூலாதாரத்திலிருந்து நேர் மேலே. இரண்டும் ஒன்றா வேறா என்று இன்றுவரை யாரும் தீர்த்து வைக்கவில்லை.

வியர்வையும் நடுக்கமும் பற்றி ஹடயோக பிரதீபிகை என்ற பழைய யோக நூல் தெளிவாகவே பேசுகிறது. பிராணாயாமத்தில் வியர்ப்பது கடைநிலை, நடுங்குவது இடைநிலை, பிராணன் நிலைபெறுவதுதான் உயர்நிலை. ஆடுவதையே உச்சம் என்று நினைப்பவர்கள் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறார்கள். தவறாகச் செய்தால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி வரும் என்று அதே நூல் எச்சரிக்கிறது. சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல மூச்சையும் மெல்ல மெல்லப் பழக்கு என்பது அதன் அறிவுரை.

பலர் இடறும் இடம் கும்பகக் கணக்கு, அதாவது மூச்சை உள்ளே நிறுத்தும் நேரம். திருமூலர் இடது நாசியில் 16 மாத்திரை (இங்கே அது கால அளவு) பூரகம் என்ற உள்ளிழுத்தல், 64 கும்பகம், வலது நாசியில் 32 ரேசகம் என்ற வெளிவிடுதல் என்று சொல்கிறார். ஒரு மாத்திரையை ஒரு விநாடி என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 112 விநாடி. பாட்டில் இருக்கிறதே என்று முதல் வாரமே 64 எண்ணுகிறவர்கள்தான் படபடப்போடு வருகிறார்கள். அது போய்ச் சேர வேண்டிய இடம். தொடக்கத்தில் கும்பகமே வேண்டாம்: 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடுவது, நாசி மாற்றி மாற்றி, ஒரு வேளைக்கு 10 சுற்று. மூன்று மாதம் இப்படி நாடி சுத்தி மட்டும். அப்புறம் 4 இழுத்து, 4 நிறுத்தி, 8 விடலாம். மூச்சை விடும்போது அவசரமாகக் காற்று பீறிட்டால் கும்பகம் அதிகம் என்று அர்த்தம். நிறுத்தும் எண்ணிக்கையைக் குறையுங்கள். பஸ்திரிகா வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு 10 தள்ளல், மூன்று சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

இடுப்படித் தசைகளை இறுக்கும் மூலபந்தத்தில் இன்னொரு கோளாறு. ஆசனவாயை இறுக்குவது அசுவினி முத்திரை. மூலபந்தத்துக்கான இடம் அதற்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் இருக்கிறது. எருவாசலுக்கு இரு விரல் மேலே, கருவாசலுக்கு இரு விரல் கீழே என்று மூலாதாரத்துக்குத் திருமூலர் அளவே கொடுத்திருக்கிறார். இடம் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து முழு பலத்தோடு இறுக்கினால் இடுப்படி வலியும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும். கால் பங்கு பலம் போதும், பிடிக்கிற நேரத்துக்குச் சமமாகத் தளர்த்தவும் வேண்டும்.

புருவமத்திப் பயிற்சி மட்டும் செய்பவர்கள் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை முறையை ஒருமுறை கவனிக்கலாம். ஆசிரியர் தொட்டு உணர்த்தி முதலில் ஆக்கினை தவம், அதாவது புருவமத்தித் தியானம் தருகிறார். அதைக் குண்டலினி எழுப்புதல் என்றே அங்கே சொல்கிறார்கள். ஆனால் அடுத்ததாக வருவது இன்னும் மேலே ஏற்றுவது அல்ல, சாந்தி தவம். அதாவது கவனத்தை மூலாதாரத்துக்கு இறக்குவது. மேலே ஏற்றக் கற்றுத்தந்தவுடன் கீழே இறக்கவும் கற்றுத்தருவதுதான் அந்த முறையின் கெட்டிக்காரத்தனம் என்பேன். காணொளிகளில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் இருக்காது.

உங்கள் நிலையில் இப்போது செய்ய வேண்டியது: பஸ்திரிகா, கபாலபாதி (மூச்சை வேகமாக வெளித்தள்ளும் பயிற்சி), கும்பகம், பந்தம், புருவமத்தித் தியானம் ஐந்தையும் நான்கு வாரம் முழுவதுமாக நிறுத்துங்கள். ‘கொஞ்சமாகச் செய்கிறேன்’ என்று பேரம் பேசினால் எது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் பத்து நிமிடம் மூலாதாரத்திலோ உள்ளங்கால்களிலோ கவனம் வையுங்கள், கண் திறந்திருக்கட்டும். காலையும் மாலையும் அரை மணி நேர நடை. விரதம் வேண்டாம், மூன்று வேளைச் சாப்பாட்டோடு நடுவில் மோரோ பழமோ. நெய்யும் பாலும் சேரட்டும், தொடக்க நிலைக்குப் பழைய நூல்களே அதைத்தான் சொல்கின்றன. காப்பியை நிறுத்துங்கள். சளி, இரைப்பு இல்லாதவர்கள் வாரம் இருமுறை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கலாம், அன்று பகல் தூக்கம் கூடாது. இரவு ஏழு மணி நேரத் தூக்கம் இவை எல்லாவற்றையும் விட முக்கியம். பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்றால் ஒன்பது மணிக்குப் படுங்கள். பதினொன்றரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்து சாதனை செய்வதுதான் பாதி ‘அனுபவங்களுக்கு’ வித்து.

நான்கு வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டால் 4-க்கு 8 கணக்கில் மட்டும் திரும்பத் தொடங்குங்கள், வாரத்துக்கு ஒரு பயிற்சிக்கு மேல் சேர்க்காதீர்கள். அடங்காமல், பரிசோதனைகளும் சரியாக இருந்து, உணர்வு மட்டும் தொடர்ந்தால் அப்போது குருவைத் தேடலாம். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எழுப்பத் தெரியுமா’ அல்ல. ‘எழும்பித் தொல்லை கொடுத்தால் எப்படி இறக்குவீர்கள்’ என்பது. பதில் சொல்லத் தடுமாறுபவரிடமும், ஒரே நாளில் எழுப்பித் தருகிறேன் என்று கட்டணம் சொல்பவரிடமும் முதுகைக் கொடுக்காதீர்கள்.

கர்ப்பிணிகள், கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் பஸ்திரிகாவும் கும்பகமும் செய்யவே கூடாது. தனக்கோ பெற்றோர், உடன்பிறந்தவருக்கோ இருதுருவ மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு இருந்தாலும் அப்படியே. மாத்திரை சாப்பிடுபவர்கள் ‘சக்தி வந்துவிட்டது’ என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. ஆன்மிக நெருக்கடி எல்லாம் பைத்தியம் என்று மருத்துவம் சொல்வதுமில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே 1994 பதிப்பிலிருந்து சமய, ஆன்மிகச் சிக்கல் என்று நோயல்லாத தனி வகை இருக்கிறது. ஆகையால் மருத்துவரிடம் தியான விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

தொடர்ந்து இரண்டு இரவு தூங்காமலேயே களைப்பில்லாமல் இருப்பது, பேச்சு கட்டுக்கடங்காமல் ஓடுவது, பணத்தை அள்ளி இறைப்பது, தான் அவதாரம் என்று உறுதியாக நம்புவது, கட்டளையிடும் குரல் கேட்பது, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருவது – இவற்றில் ஒன்று இருந்தாலும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள். உடனே போக வழியில்லை என்றால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.